மார்மன் சபையின் இரண்டு கணக்குகள்: பத்தில் ஒரு பங்கும் 1.75 கோடிப் பேரும்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடந்து போகிற இருபது வயதுப் பையன்கள். மார்மன் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது இந்தக் காட்சிதான். அப்புறம் இரண்டு கேள்வி வரும். சம்பளத்தில் பத்து சதவீதம் சபைக்குக் கட்ட வேண்டுமாமே, நிஜமா? உலகம் முழுக்க மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆமாம், பத்து சதவீதம். மொத்தம் ஒன்றே முக்கால் கோடிப் பேர். ஆனால் இரண்டு எண்ணையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் வேறு கதை இருக்கிறது. பத்து சதவீதம் எதில் பத்து சதவீதம்? ஒன்றே முக்கால் கோடியில் யார் யார் சேர்த்தி?

முதலில் பெயர். இவர்களுடைய அதிகாரபூர்வப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஜோசப் ஸ்மித் என்பவர் 1830 ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆரம்பித்தது. பைபிளோடு கூட அவர் வெளியிட்ட மார்மன் புஸ்தகத்தையும் வேதமாக வைத்திருப்பதால் ஊர் உலகம் மார்மன் என்று கூப்பிட ஆரம்பித்தது, அது ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டப்பெயர் வேண்டாம், முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018இல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். மரியாதைக்கு அதுதான் சரி. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் அத்தனை நீளப் பெயரை எழுதினால் நீங்கள் பாதியிலேயே ஓடிவிடுவீர்கள், அதனால் இங்கே மார்மன் என்றே எழுதுகிறேன்.

தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, என்ற சொல் நம் ஊர் கிறிஸ்தவர்களுக்குப் பழகியது. ஆபிரகாம் போரில் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது, மல்கியா புத்தகத்தில் தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், நான் வானத்தின் பலகணிகளைத் திறக்கிறேனா இல்லையா என்று சோதித்துப் பாருங்கள் என்று கடவுளே சவால் விடுவது, இதெல்லாம் மார்மன்களும் சொல்கிற ஆதாரங்கள்தான். மற்ற சபைகளில் போதகருக்குப் போதகர் இதில் கருத்து மாறும். சிலர் இது பழைய ஏற்பாட்டுச் சட்டம், இப்போது மனமுவந்து கொடுப்பதே போதும் என்பார்கள். மார்மன்களிடம் அந்த விவாதமே கிடையாது, காரணம் அவர்களுடைய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்துக்கே இது தனியாக ஒரு வெளிப்படுத்தலாக வந்தது என்பது அவர்களின் நம்பிக்கை. அது வந்தது 1838 ஜூலை 8, மிசௌரி மாநிலத்தில் ஃபார் வெஸ்ட் என்ற ஊரில்.

அதற்கு முன்னால் இருந்தது இன்னும் கடுமையான ஏற்பாடு. 1831 முதல், சொத்து முழுவதையும் சபைக்கு ஒப்படைத்துவிட்டுத் தன் குடும்பத்துக்குத் தேவையானதைப் பொறுப்பாகத் திரும்பப் பெற்றுக்கொள்வது. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் சண்டை, வழக்கு, இடமாற்றம் என்று தள்ளாடியது. 1838இல் வந்த கட்டளை அதைச் சுருக்கியது: முதலில் உபரியாக இருக்கிற சொத்தைக் கொடு, அதன் பிறகு வருஷா வருஷம் உன் 'இன்ட்ரஸ்டில்' பத்தில் ஒரு பங்கு கொடு.

வங்கிக்காரர் வட்டிக்குச் சொல்கிற அதே ஆங்கிலச் சொல்தான். இந்த ஒற்றைச் சொல்லை வைத்து இன்றைக்கும் பேச்சு ஓடுகிறது. அந்தக் காலத்துப் பேச்சில் அது ஒருவனுக்கு வருஷத்தில் கூடிய வளர்ச்சியைக் குறித்தது, அதாவது செலவெல்லாம் போக மிஞ்சியது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படியானால் மிச்சமே இல்லாத ஏழை ஒன்றும் கொடுக்க வேண்டாம். சபைத் தலைமை 1970 மார்ச்சில் ஒரு கடிதம் அனுப்பி, அதற்கு வருமானம் என்று பொருள், இதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல உரிமை இல்லை என்று முடித்துவிட்டது. முடித்துவிட்டது என்று நான் சொல்கிறேன், ஆனால் வருமானம் என்றால் பிடித்தத்துக்கு முன்னா பின்னா என்பதைக் கடிதம் சொல்லவில்லை. மாதம் 6000 டாலர் சம்பளம், வரியும் மற்ற பிடித்தங்களும் போகக் கையில் 4700 என்று வையுங்கள். ஒரு கணக்கில் 600 டாலர், இன்னொன்றில் 470. வருஷத்துக்கு 1560 டாலர் வித்தியாசம், ஒரு குடும்பத்துக்குச் சின்னக் காசு இல்லை. பிஷப்பிடம் போய்க் கேட்டால், அது உனக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது என்பார். நிறையப் பேர் மொத்தச் சம்பளத்துக்கே கட்டுகிறார்கள், ஆசீர்வாதமும் மொத்தத்துக்கே வரட்டும் என்ற பாதி விளையாட்டு, பாதி நிஜக் கணக்கில்.

எப்படிக் கட்டுகிறார்கள் என்பதும் சுவாரசியம். நம் ஊர் ஆராதனைகளில் காணிக்கைப் பை வரிசை வரிசையாகச் சுற்றி வரும், பக்கத்தில் இருப்பவர் என்ன போடுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்க்கலாம். மார்மன் ஆராதனையில் அப்படி எதுவும் சுற்றி வராது. ஒரு சின்னச் சீட்டு, அதில் தசமபாகம், உபவாசக் காணிக்கை, ஊழியம் என்று தனித்தனிக் கட்டங்கள். நிரப்பி உறைக்குள் போட்டு பிஷப்பிடமோ அவருடைய உதவியாளரிடமோ கொடுத்துவிட வேண்டும். இப்போது பலரும் இணையத்தில் அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பத்து நாணயத்தை மேசையில் வரிசையாக வைத்து, ஒன்றைத் தனியே தள்ளி, இது கடவுளுடையது என்று சொல்லிக் கொடுப்பார்கள். எட்டு வயசுப் பையன் புல் வெட்டிச் சம்பாதித்த பத்து டாலரில் ஒரு டாலரை உறையில் போடுவது அங்கே சாதாரணம்.

பிஷப் என்றதும் அங்கி போட்ட பேராயரை நினைக்காதீர்கள். இங்கே பிஷப் என்பவர் ஒரு வார்டுக்கு, அதாவது சில நூறு பேர் கொண்ட உள்ளூர்ச் சபைக்குப் பொறுப்பாளர், சில வருஷங்களுக்கு மட்டும். வாரநாளில் பல் டாக்டராகவோ பிளம்பராகவோ வேலை பார்ப்பார். சபையில் அவருக்குச் சம்பளம் ஒரு காசு கிடையாது. உச்சியில் முழுநேரமாக இருக்கிற தலைவர்களுக்கு மட்டும் வாழ்க்கைச் செலவுக்குப் படி உண்டு. உள்ளூரில் யாரும் உங்கள் தசமபாகத்தில் கார் வாங்கப் போவதில்லை என்பது நிஜம். போதகர் குடும்பம் காணிக்கையில் நடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் வியப்பாகவே இருக்கும்.

வருஷக் கடைசியில் குடும்பம் குடும்பமாக பிஷப் முன்னால் போய் உட்கார வேண்டும். கொடுத்ததின் பட்டியலை அவர் காட்டுவார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது முழுத் தசமபாகமா? ஆமாம், அல்லது இல்லை, ஒரு பகுதிதான். சம்பளச் சீட்டைக் காட்டு என்று கேட்பதில்லை, வருமான வரித் தாளும் வேண்டாம். நீங்கள் சொன்னதுதான் கணக்கு.

சரி, கட்டாவிட்டால்? சபையைவிட்டு விலக்க மாட்டார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வரலாம், அப்பமும் தண்ணீரும் எடுக்கலாம் (ஆமாம், திராட்சரசம் இல்லை, தண்ணீர்). ஆனால் ஆலயத்துக்குள் போக முடியாது. மார்மன்களுக்குச் சபைக் கூடம் வேறு, ஆலயம் வேறு. கூடத்துக்குள் யாரும் வரலாம். ஆலயத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு கட்ட நேர்காணல், அதில் கேட்கப்படுகிற கேள்விகளில் ஒன்று முழுத் தசமபாகம் கொடுக்கிறீர்களா என்பது. கணவன் மனைவியை, பெற்றோர் பிள்ளைகளை மரணத்துக்குப் பிறகும் சேர்த்து வைக்கும் முத்திரைச் சடங்கு ஆலயத்துக்குள்தான் நடக்கும். மறுமையில் மிக உயர்ந்த நிலைக்குப் போக அந்தச் சடங்கு அவசியம் என்பது அவர்கள் போதனை. ஆக, கட்டாயம் இல்லை என்பது எழுத்தில் சரி. ஆனால் மகளின் ஆலயத் திருமணத்தைப் பார்க்க முடியாமல் வெளியில் காத்திருக்கிற அப்பாவிடம் போய் இது விருப்பப்பட்டுக் கொடுப்பதுதான் என்று சொல்லிப் பாருங்கள். விசுவாசிகளின் பதில் வேறு: இது கட்டணமில்லை, கீழ்ப்படிதலின் அடையாளம், பணம் குறைந்தவன் குறைவாகவே கொடுக்கிறான், எல்லாருக்கும் ஒரே பங்கு. இரண்டு பக்கமும் மனசார நம்பித்தான் பேசுகிறார்கள். 1831இல் வந்த இன்னொரு வெளிப்படுத்தலில், தசமபாகம் கொடுத்தவன் கர்த்தரின் வருகையில் எரிக்கப்படமாட்டான் என்று ஒரு வரி உண்டு. அதை வைத்து மார்மன்களே தசமபாகத்தைத் தீ இன்ஷூரன்ஸ் என்று கிண்டல் செய்துகொள்வார்கள்.

காசாகக் கொடுப்பதெல்லாம் பிற்பாடு வந்தது. 1844இல் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்ட பிறகு பிரிகம் யங் தலைமையில் மேற்கே நடந்து, 1847 ஜூலையில் இப்போதைய யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்தவர்களிடம் ரொக்கம் ஏது? கோழி, முட்டை, வைக்கோல், வெண்ணெய், உருளைக்கிழங்கு எல்லாம் தசமபாக அலுவலகத்துக்கு வண்டியில் போகும். அதுவும் இல்லாதவர் பத்து நாளில் ஒரு நாள் உழைப்பைக் கொடுப்பார். அழுகிற காய்கறியையும் முட்டையிடுகிற கோழியையும் கணக்கு வைத்த குமாஸ்தாக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அந்த அலுவலகத்தில் நடந்த ஒரு சம்பவத்தை மார்மன்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மேரி ஃபீல்டிங் ஸ்மித் என்ற விதவை, ஜோசப் ஸ்மித்தோடு கொல்லப்பட்ட அவருடைய அண்ணன் ஹைரமின் மனைவி. உருளைக்கிழங்குக் குழியைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல கிழங்காக எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். அங்கிருந்த எழுத்தர், நீங்கள் போய்க் கொடுக்கலாமா, உங்களுக்கு நாங்களல்லவா உதவ வேண்டும் என்று சொல்ல, அந்த அம்மா சீறிவிட்டார். எனக்கு வர வேண்டிய ஆசீர்வாதத்தைத் தடுக்கப் பார்க்கிறாயா, கொடுத்தால்தான் நான் செழிப்பேன், என் குடும்பத்தையும் காப்பேன் என்றார். கூட வண்டியில் வந்திருந்த சின்னப் பையன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் பிற்பாடு சபையின் ஆறாவது தலைவரான ஜோசப் எஃப். ஸ்மித், 1900இல் ஒரு மாநாட்டில் இதைச் சொன்னவரும் அவர்தான்.

அவர் அதைச் சொன்ன நேரமும் கவனிக்க வேண்டியது. பலதார மணத்தை எதிர்த்து அமெரிக்க அரசு 1887இல் போட்ட சட்டம் சபையின் சொத்துகளைப் பறித்தது. அரசாங்கம் எடுத்துக்கொண்டு போகப்போகிற கஜானாவுக்கு எவன் காசு போடுவான்? தசமபாகம் வற்றிப்போனது. 1890இல் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தும், அந்தப் பத்தாண்டின் கடைசியில் கடன் பத்து லட்சம் டாலரைத் தாண்டி நின்றது. 1899 மே மாதம், 85 வயது தலைவர் லொரென்சோ ஸ்னோ, வறட்சியில் காய்ந்துகிடந்த செயின்ட் ஜார்ஜ் ஊருக்குப் போய், இனி ஒவ்வொருவரும் முழுத் தசமபாகம் கொடுக்க வேண்டும் என்று பேசினார். அதையே ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரும்பினார். வரவு கூடியது. 1907இல் கடன் முழுக்க அடைந்தது என்று அறிவித்தது யார் தெரியுமா, அந்த உருளைக்கிழங்கு வண்டிப் பையன். அதையடுத்து பொருளாக வாங்குவதை நிறுத்திக் காசுக்கு மாறினார்கள். இன்றைய கண்டிப்பான தசமபாகம் 1838இல் பிறந்தாலும் வளர்ந்தது இந்தக் கடன் நெருக்கடியில்தான் என்பது என் கணிப்பு.

இப்போது அந்தப் பணம் எங்கே போகிறது? உள்ளூரில் வசூலாவது உள்ளூரில் தங்காது, நேரே சால்ட் லேக் சிட்டி தலைமையகத்துக்கு. தலைவரும் அவருடைய இரண்டு ஆலோசகர்களும், பன்னிரண்டு அப்போஸ்தலர்களும், தலைமை பிஷப்பும் அவருடைய இரண்டு பேரும் ஆக 18 பேர் கொண்ட குழு எதற்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறது. ஆலயம், சபைக் கூடம், பிரிகம் யங் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனங்கள், உலகெங்கும் வம்சாவளிப் பதிவுகளைச் சேகரிக்கும் வேலை இவற்றுக்கெல்லாம் போகிறது. ஏழைகளுக்கான உதவி பெரும்பாலும் வேறு பெட்டி: மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசையாவது உபவாசக் காணிக்கையாகக் கொடுப்பது. தெருவில் நடக்கும் அந்தப் பையன்களுக்கும் சம்பளம் இல்லை. அமெரிக்கப் பையன் என்றால் அவனோ குடும்பமோ மாதம் 500 டாலர் கட்டித்தான் அந்த இரண்டு வருஷப் பிரசார ஊழியம்.

எவ்வளவு வருகிறது, எவ்வளவு செலவாகிறது? அங்கேதான் கதவு சாத்தியிருக்கிறது. 1959க்குப் பிறகு அமெரிக்காவில் சபை வரவு செலவு விவரத்தை வெளியிடவில்லை. அந்தச் சமயத்தில் கட்டடங்களைக் கண்டபடி கட்டிப் பற்றாக்குறையில் மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து மீண்ட பிறகு, வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமித்துவைப்பது கொள்கையானது. கடனில் சூடுபட்ட பூனை. அந்தச் சேமிப்பு எத்தனை பெரியது என்பது 2019இல் அதன் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கில் வேலை பார்த்த ஒருவர் புகார் கொடுத்தபோதுதான் வெளியே வந்தது: சுமார் 10,000 கோடி டாலர் என்றார் அவர். டாலர், ரூபாய் இல்லை. பங்கு முதலீடுகள் சபையினுடையவை என்று தெரியாமலிருக்க 13 பெயரளவு நிறுவனங்களின் பேரில் கணக்குக் காட்டியதற்காக, 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் என்சைன் பீக்குக்கு 40 லட்சம், சபைக்கு 10 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பணத்தைத் திருடியதாகக் குற்றச்சாட்டு இல்லை, மறைத்ததுதான் குற்றம். ஏன் மறைக்க வேண்டும்? இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் மக்கள் கொடுப்பார்களா என்ற பயம் என்று எதிர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதைவிட நல்ல காரணம் தோன்றவில்லை.

ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் என்ற முன்னாள் உறுப்பினர் தான் கொடுத்த சுமார் 50 லட்சம் டாலரைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். சால்ட் லேக் சிட்டியில் 2012இல் திறந்த வணிக வளாகத்துக்குத் தசமபாகம் செலவாகாது என்று சபை சொன்னது பொய் என்பது அவர் வாதம். சபையின் பதில்: தசமபாகத்தைத் தொடவில்லை, சேமிப்பில் ஈட்டியதைத்தான் எடுத்தோம். முதல் வேறு, வட்டி வேறு. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக வழக்கைத் தள்ளினார்கள். 1838இல் வந்து, பிற்பாடு வருமானம் என்று பொருள் சொல்லப்பட்ட அந்த 'இன்ட்ரஸ்ட்' கடைசியில் வட்டியாகவே வந்து சபையைக் காப்பாற்றிவிட்டது!

பணத்தை இப்படிப் பொத்தி வைக்கிற சபை ஆட்களை மட்டும் கடைசி ஒற்றை எண் வரை சொல்லும். வருஷா வருஷம் ஏப்ரல் மாநாட்டையொட்டி எண்ணிக்கை வெளிவரும். 2024 முடிவில் 1,75,09,781 பேர். அதே மாநாட்டில் தணிக்கைத் துறையின் அறிக்கையும் வரும், எல்லாம் முறைப்படி நடந்தது என்று, ஒரு தொகைகூட இல்லாமல்.

இந்த ஒன்றே முக்கால் கோடியில் அமெரிக்காவில் இருப்பவர்கள் எழுபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1947இல்தான் மொத்தமே பத்து லட்சத்தைத் தொட்டது. 1996இல் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களை முந்தினார்கள். மெக்சிகோவிலும் பிரேசிலிலும் தலா பதினைந்து லட்சம் அளவில், அடுத்து பிலிப்பைன்ஸ், பெரு, சிலி. இந்தியாவில் பட்டியலில் பதினைந்தாயிரம் சுமார்தான், அதில் தெலுங்கு நாட்டுப் பக்கம் கனம் அதிகம், முதல் ஸ்டேக் (வார்டுகளின் கூட்டு) அமைந்தது ஹைதராபாத்தில், 2012இல். பெங்களூருக்கு ஓர் ஆலயம் 2018இல் அறிவித்து 2020 டிசம்பரில் வேலை தொடங்கினார்கள்.

யாரை உறுப்பினர் என்று எண்ணுகிறார்கள்? ஞானஸ்நானம் எடுத்த எல்லாரையும், எட்டு வயசாகாத உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளையும். இருபது வருஷம் முன்னால் ஞானஸ்நானம் எடுத்து, இரண்டு வாரம் வந்து, அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆளும் கணக்கில் உண்டு. அவராக எழுதிக் கொடுத்து விலகினால், அல்லது விலக்கினால், அல்லது இறந்தது தெரிந்தால்தான் பெயர் நீங்கும். முகவரியே தெரியாமல் போனவர் 110 வயது வரை பட்டியலில் உயிரோடு இருப்பார்.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. சில நாடுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ன என்று மக்களையே கேட்கிறார்கள். சிலியில் 2002இல் தன்னை மார்மன் என்று சொன்னவர்கள் 1,03,735 பேர், சபைப் பட்டியலில் அப்போது ஐந்து லட்சத்துக்கு மேல். பிரேசிலில் 2010இல் சொன்னவர்கள் 2,26,509, பட்டியலில் பதினொரு லட்சம் அளவில். ஐந்துக்கு ஒருவர்தான் தேறுகிறார். பசிபிக் தீவான டோங்காவில் நாட்டில் பாதிக்கு மேல் தங்கள் ஆட்கள் என்கிறது பட்டியல். கணக்கெடுப்பில் கையைத் தூக்கியவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. அப்படியும் அது பெரிய விஷயம்தான், வேறெந்த நாட்டிலும் இவர்களுக்கு அந்தப் பங்கு இல்லை. சபைக்கும் இது தெரியாமல் இல்லை. 2002இல் ஜெஃப்ரி ஹாலண்ட் என்ற அப்போஸ்தலரையே சிலிக்குக் குடியேற்றி, ஆளில்லாத ஸ்டேக்குகளைக் கலைத்து ஒன்றோடொன்று சேர்த்தார்கள். 1984இல் ராட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் அப்போதைய வேகத்தை வைத்து 2080இல் 26 கோடிப் பேர்கூட ஆகலாம் என்று கணித்திருந்தார். இன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

அப்படியானால் நிஜமான எண் எது? ஒரு வட்டம், பெயர் எழுதப்பட்டவர்கள். அதற்குள் ஞாயிறு தவறாமல் வந்து உட்காருபவர்கள். அதற்கும் உள்ளே, ஆலய அனுமதிச் சீட்டைப் பையில் வைத்திருப்பவர்கள், அதாவது முழுத் தசமபாகம் கொடுப்பதாக பிஷப்பின் கண்ணைப் பார்த்துச் சொன்னவர்கள். முதல் வட்டத்தின் எண் மட்டும்தான் வெளியே வருகிறது. ஏனென்றால் மூன்றாவது எண்ணைச் சொல்லிவிட்டால், சராசரிச் சம்பளத்தால் பெருக்கிப் பத்தால் வகுத்துப் பார்க்க யாருக்கும் ஐந்து நிமிஷம் போதும்.